விசில் ஊதிய ஸ்டெஃபானி

2022 டிசம்பர் உலகக் கோப்பையின்போது நம் குடியிருப்பில் பலர் நள்ளிரவு தாண்டியும் கண் விழித்திருந்தது நினைவிருக்கும். அதில் ஓர் ஆட்டம் நம் நேரப்படி இரவு 12.30-க்குத் தொடங்கியது. கத்தாரின் அல் பைத் மைதானத்தில் ஜெர்மனிக்கும் கோஸ்டா ரிக்காவுக்கும் நடந்த ஆட்டம் அது. மறுநாள் காலை நடைப்பயிற்சியில், ஜெர்மனி ஜெயித்தும் வெளியேறிவிட்டதே என்பதுதான் பேச்சு. நடுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடுவர் வேலையில் இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அந்த நடுவர் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபானி ஃப்ராப்பார். 1930-ல் தொடங்கிய ஆண்கள் உலகக் கோப்பையில் ஒரு பெண் நடுவராக நின்று நடத்திய முதல் ஆட்டம் அதுதான். கோட்டில் கொடி பிடித்த பிரேசிலின் நியூசா பாக், மெக்சிகோவின் கரென் டியாஸ் இருவரும் பெண்களே.

ஃப்ராப்பார் 1983-ல் பிறந்தவர். சிறு வயதில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், 13 வயதிலேயே நடுவர் வேலையைக் கற்கத் தொடங்கினார். 19 வயதில், ஆடுவதா, விசில் ஊதுவதா என்ற கேள்வி வந்தபோது விசிலைத் தேர்ந்தெடுத்தார். அதன்பின் ஏறியது ஒவ்வொரு படியாகத்தான். 2011-ல் பிரான்ஸின் மூன்றாம் பிரிவு ஆண்கள் போட்டி, 2014-ல் இரண்டாம் பிரிவு, 2019 ஏப்ரலில் முதல் பிரிவு. இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்குப் போக மட்டும் ஐந்து ஆண்டுகள்!

இதில் சலுகை எதுவும் இல்லை. ஆண்கள் ஆட்டத்தை நடத்த ஆண்களுக்கான ஓட்டத் தேர்விலேயே தேற வேண்டும். 40 மீட்டரை 6 விநாடிக்குள் ஆறு முறை ஓட வேண்டும். பிறகு 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடக்க வேண்டும். இப்படி 40 தடவை. (நம் பூங்காவை நான்கு சுற்று சுற்றிவிட்டு பெஞ்சைத் தேடுகிற என்னைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.) அதே பிரான்ஸில் நெல்லி வியேனோ 1996 முதலே முதல் பிரிவில் உதவி நடுவராக இருந்தார். 2006 உலகக் கோப்பைக்கு அவர் பெயரும் பரிசீலனையில் இருந்தது. இந்த ஓட்டத் தேர்வில் தவறியதால் வாய்ப்பு போயிற்று. அதன்பின் உலகக் கோப்பையில் ஒரு பெண் வர 16 ஆண்டுகள் ஆயின.

உண்மையான சோதனை 2019 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வந்தது. லிவர்பூலும் செல்சியும் மோதிய ஐரோப்பிய சூப்பர் கப் அது. ஆண் நடுவர் ஒருவர் தவறு செய்தால் அவர் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். அன்று ஃப்ராப்பார் தவறியிருந்தால், பெண்களுக்கு இது சரிப்படாது என்று எல்லாப் பெண்களையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். செல்சி அடித்த இரண்டு கோல்கள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. இரண்டும் சரியான முடிவுகள். கூடுதல் நேரத்தில் செல்சிக்குப் பெனால்டி கொடுத்தார். 2-2 என்று முடிந்து, கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் லிவர்பூல் வென்றது. நடுவர்கள் நடத்திய அளவுக்கு நாங்கள் ஆடியிருந்தால் 6-0 என்று ஜெயித்திருப்போம் என்றார் லிவர்பூல் பயிற்சியாளர் கிளாப்.

2020 டிசம்பரில் ஆண்கள் சாம்பியன்ஸ் லீக் ஆட்டமும் அவர் கைக்கு வந்தது. கத்தாருக்குத் தேர்வான 36 நடுவர்களில் பெண்கள் மூவர். ருவாண்டாவின் சலிமா முகன்சங்காவும் ஜப்பானின் யோஷிமி யமஷிதாவும் நான்காம் நடுவராக மட்டுமே நிற்க முடிந்தது. மைதானத்தின் நடுவில் நிற்கும் வாய்ப்பு ஃப்ராப்பாருக்கு மட்டும்தான்.

கிடைத்ததும் லேசான ஆட்டம் அல்ல. 70-வது நிமிடத்தில் கோஸ்டா ரிக்கா 2-1 என்று முந்தியது. அதே நேரம் இன்னொரு மைதானத்தில் ஜப்பான் ஸ்பெயினை முந்தியிருந்தது. மூன்று நிமிடங்களுக்கு ஜெர்மனி, ஸ்பெயின் இரண்டுமே வெளியே! 89-வது நிமிடத்தில் ஜெர்மனியின் ஃபுல்க்ரூக் அடித்த கோலுக்கு ஆஃப்சைடு கொடி உயர்ந்தது. வீடியோவில் சரிபார்த்தபின் கோல் என்று மாற்றி அறிவிக்கப்பட்டது. முடிவு 4-2. ஜெர்மனி வீட்டுக்குப் போனது. பழி நடுவர் மேல் விழவில்லை.

நம் நாட்டிலும் திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவராகியிருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். ஞாயிறு மாலை சிறுவர் ஆட்டத்தில் யார் நடுவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. விசில் ஊத விருப்பமுள்ள பெண் பிள்ளைகள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். 13 வயது ஆகியிருந்தால் போதும்.