சடுகுடு களமும் மூங்கில் பத்தையும்

தாளடி அறுப்பு முடிஞ்சு வைக்கோல் கட்டுற வேலை நடந்துட்டு இருக்கு. அதனாலதான் ரெண்டு வாரமா எழுத முடியல. பொங்கலுக்கு எங்க ஊர்ல கபடிப் போட்டி நடந்தது. அதைப் பத்தி எழுத உட்கார்ந்தா, எழுத்து எங்கெங்கோ போயிடுச்சு. போன வழியிலேயே விடறேன்.

எங்க சித்தப்பா மகன் ஒருத்தர் இருக்கார், எனக்கு ரெண்டு வயசு மூத்தவர். 1986 பொங்கல் ஆட்டத்துல பாடிப் போனவரை நாலு பேர் அமுக்கினதுல இடது முன்கை முறிஞ்சது. வைக்கோல் வண்டியில போட்டு பக்கத்து ஊர் வைத்தியர்கிட்ட கூட்டிப் போனோம். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவின துணி, அதுக்கு மேல மூங்கில் பத்தை, அதுக்கு மேல இறுக்கமா கயிறு. ராத்திரி முழுக்க "வலிக்குது, விரலு மரத்துப் போச்சு"ன்னு அண்ணன் அழுதார். "எலும்பு கூடுறப்ப வலிக்கத்தான் செய்யும்"னு பெரியவங்க அடக்கிட்டாங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்து அதையேதான் சொன்னேன். மூணாம் நாள் கட்டைப் பிரிச்சப்ப விரலெல்லாம் நீலம் பாரிச்சு இருந்தது. எலும்பு நல்லாவே கூடிச்சு. ஆனா விரல்கள் உள்பக்கமா மடங்கி, இன்னிக்கு வரைக்கும் விரியல. மண்வெட்டி பிடிக்க முடியாதவர்னு அவருக்கு மாட்டு வேலையை ஒதுக்கினாங்க.

இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சது முப்பது வருஷம் கழிச்சு. வோல்க்மன் சுருக்கம். ஜெர்மனியில ஹாலே நகரத்துல இருந்த ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் என்கிற அறுவை மருத்துவர் 1881ல எழுதினது. கட்டு ரொம்ப இறுகினா சதைக்குப் போற ரத்தம் தடைபடும்; சில மணி நேரத்துல சதை செத்துப்போகும்; செத்த சதை சுருங்கி விரலை இழுத்துக்கும். இதுதான் அவர் கண்டது. (இந்த ஆள் வேற பேர்ல குழந்தைகளுக்கு மாயக்கதை எழுதினவர்ங்கிறது தனி ஆச்சரியம்.) ஒண்ணு கவனிங்க, அவர் நாட்டு வைத்தியரைத் திட்டி எழுதல. மருத்துவர்கள் போட்ட கட்டிலேயே இது நடந்துட்டு இருந்தது.

அதே 1881லதான் நம்ம பக்கத்துல புத்தூர் கட்டு ஆரம்பிச்சதா சொல்றாங்க. அப்போ அந்த ஊர் சென்னை மாகாணத்துல இருந்தது, இப்போ ஆந்திரா. கேசவ ராஜூன்னு ஒருத்தர் வேட்டைக்குப் போனப்ப அடிபட்ட முயலுக்கு ஏதோ இலையைச் சுத்தினார், அது பிழைச்சு எழுந்ததுன்னு ஒரு கதை. கதை எப்படியோ, உங்க பட்டணத்துத் தெருவுலயே "புத்தூர் கட்டு" போர்டு தொங்குதே, வேர் அங்கதான். ஒரே வருஷம், ஒரு மூலையில கட்டத் தொடங்கினாங்க, இன்னொரு மூலையில அளவு மீறிக் கட்டினா என்ன ஆகும்னு எழுதி வச்சாங்க. அந்தச் சேதி எங்க ஊருக்கு நூறு வருஷமாகியும் வந்து சேரல.

இங்கிலாந்துலயும் ஊருக்கு ஊர் எலும்புக் கட்டுக்காரங்க இருந்திருக்காங்க. ஜேம்ஸ் பேஜெட்ங்கிற பெரிய மருத்துவர் 1867லயே தன் சக மருத்துவர்களைப் பார்த்து, இவங்ககிட்ட நல்லது இருந்தா எடுத்துக்கங்க, கெட்டதை ஒதுக்குங்கன்னு அறிவுரை சொன்னார். லிவர்பூல்ல இவான் தாமஸ்னு ஒரு கட்டு வைத்தியர். மருத்துவர்கள் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க. மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? தன் அஞ்சு மகன்களையும் மருத்துவம் படிக்க வச்சுட்டார். அதுல மூத்தவர் ஹ்யூ ஓவன் தாமஸ், துறைமுகக் கூலிகளுக்கு ஞாயித்துக்கிழமை இலவசமா வைத்தியம் பார்த்தவர். அவர் செஞ்ச இரும்புச் சட்டத்தை அவரோட உறவுக்காரர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப்போர்ல கொண்டு போனார். தொடை எலும்பு முறிஞ்சவங்க 100க்கு 80 பேர் செத்துட்டு இருந்தது, 20க்குக் கீழ இறங்கிச்சு. கட்டு வைத்தியர் வீட்டுல வளர்ந்த கைதான் அது. நம்ம ஊர்ல யாரும் தன் மகனை அப்படிப் படிக்க வச்சிருந்தா? சரி, அதை விடுங்க.

சுளுக்குக்கு எங்க அம்மா புளியும் உப்பும் கரைச்சுக் கொதிக்க வச்சுப் பத்து போடுவாங்க. பட்டணத்துப் பிள்ளைங்க ஐஸ் வைக்கணும்னு சொல்றாங்க. ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டு, உயர்த்தி வைன்னு 1978ல அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் எழுதினதுதான் உலகமெல்லாம் பரவினது. அவரே 2014ல, ஐஸ் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு மாத்திச் சொல்லிட்டார். அப்படி ஒத்துக்குற தைரியம் எனக்குப் பிடிச்சிருந்தது.

அடிபடாம பார்த்துக்குற வித்தை மட்டும் எங்க பெருசுங்களுக்கு நல்லாத் தெரியும். களத்தை ரெண்டு நாள் முன்னாடியே கொத்தி, கல், முள், ஓட்டாஞ்சில்லு பொறுக்கி, ஏரி வண்டலும் மணலும் சலிச்சுப் போட்டு, சாயங்காலம் தண்ணி தெளிப்பாங்க. விழுந்தா மண்ணு வாங்கிக்கும். 2014ல டிவியில லீக் ஆட்டம் வந்த பிறகு பிள்ளைங்களுக்கு மேட் ஆசை. மேட்ல கால் சிராய்ப்பு குறைவுதான். ஆனா ஷூ மேட்டைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு, கால் நிக்க உடம்பு மட்டும் திரும்பினா முழங்கால் ஜவ்வு போகும். எங்க தெருவுல ஒரு பையனுக்குப் போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. அதனால இந்தத் தடவை ஆட்டத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓட்டம், குதிச்சு முழங்காலை மடக்கி இறங்குற பழக்கம் எல்லாம் பி.டி. வாத்தியார் செய்ய வச்சார். பசங்க சிரிச்சுக்கிட்டே செஞ்சாங்க.

ரெண்டாவது ஆட்டத்துல ஒரு பையனுக்கு மணிக்கட்டு வீங்கிடுச்சு. அட்டையை வச்சு லேசா துணி சுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிட்டு இருந்தோம். அண்ணன் கூட்டத்தை விலக்கிட்டு வந்தார். வலது கையால அந்தப் பையனோட விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்து, திரும்பச் சிவந்தது. "மரத்துப்போச்சாடா?" "இல்ல பெரியப்பா." "போற வழியில வலி ஏறினா, விரலு மரத்தா, யாரு என்ன சொன்னாலும் கட்டை அவுத்துடணும், கேட்டியா?"

பைக் கிளம்பற வரைக்கும் அங்கேயே நின்னுட்டு இருந்தார்.