ஒரே வேலி, இரண்டு காடுகள்

மலாயாவில் 1950-இல் பிரிட்டிஷ் தளபதி ஹெரால்ட் பிரிக்ஸ் போட்ட திட்டம் எளிமையானது. கம்யூனிஸ்ட் கெரில்லாவைக் காட்டுக்குள் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, அவனுக்குச் சோறு போகும் வழியை அடைப்பது மேல். காட்டோரம் பட்டா இல்லாமல் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலியிட்ட ‘புதுக்கிராமங்களுக்கு’ மாற்றப்பட்டார்கள். ரப்பர் தோட்டங்களில் தமிழர்களின் லயங்களும் நெருக்கப்பட்டு வேலிக்குள் வந்தன. அரிசி அளந்து தரப்பட்டது. சில இடங்களில் பொதுவாக வடித்துச் சோறாகவே கொடுத்தார்கள். அரிசியைப் பதுக்கலாம், ஊசிப்போகும் சோற்றை எத்தனை நாள் பதுக்குவது? டின் உணவு வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் தருவார்.

தென் வியட்நாமில் 1962-இல் இதே வேலி எழுந்தது. மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்ஸனே அங்கும் ஆலோசகர். பாதுகாப்பான பகுதியில் தொடங்கி மெல்ல விரியலாம் என்றார் அவர். அதிபர் டியெமின் தம்பி நூவுக்கோ எண்ணிக்கை வேண்டும். ஆயிரக்கணக்கில் கிராமங்கள் ‘முடிந்தன’, பல காகிதத்தில். பென் காட் என்ற இடத்தில் குடும்பங்களைத் துப்பாக்கி முனையில் கிளப்பி, பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். அவர்கள் மலாயாவில் போலப் புறம்போக்கில் ஒண்டியவர்கள் அல்லர். முன்னோரின் கல்லறைகள் இருந்த மண் அது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங்கும் அதே ஊர்ப் பிள்ளைகள்தாம், வேலிக்கு உள்ளேயே இருந்தார்கள். திட்டத்தை மேற்பார்த்த கர்னல் பாம் ங்கோக் தாவோவே கம்யூனிஸ்ட் உளவாளி! 1963 நவம்பரில் டியெம் கொல்லப்பட்டதும் எல்லாம் சரிந்தது.

மலாயா வெற்றியைப் பாடநூலாக்கிய ராணுவக் கல்லூரிகள் அதன் அதிர்ஷ்டத்தைக் குறைத்தே சொல்கின்றன. அங்கே கெரில்லாக்கள் பெரும்பாலும் ஒரே இனத்தவர். வெளியிலிருந்து ஆயுதம் வர ஹோ சி மின் பாதை போல எதுவும் இல்லை. பிரிட்டிஷாரின் கைகளும் சுத்தமில்லை. 1948-இல் பத்தாங் காலியில் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949-இல் தூக்கிலிடப்பட்டார். மனங்களை வெல்வதாகப் பேசிய பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர், தஞ்சோங் மாலிம் ஊருக்கே 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசியையும் குறைத்தவர்.

ஆனால் அவர் கையில் வேலிக்கு அப்பாலும் ஒன்று இருந்தது. 1953-இல் மலாக்காவின் ஒரு பகுதியில் கட்டுப்பாடுகளை நீக்கிக் காட்டினார். 1957-இல் சுதந்திரமே வந்து, கம்யூனிஸ்டுகளின் முழக்கத்தைப் பறித்துக்கொண்டது. நிலம் கேட்ட வியட்நாம் விவசாயிக்குக் கிடைத்தது கூலியில்லாமல் வேலி நடும் வேலை.