பழைய டிஸ்க்கை எடைக்குப் போடும் முன்

2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் நம்முடையது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் சேராது என்பது நமக்குத் தெரியும். கணினியும் அப்படித்தான். பழைய ஹார்டு டிஸ்க்குகளில் 40 பின் ஐடிஇ இணைப்பு இருந்தது. 2003 வாக்கில் சாட்டா வந்தது. இரண்டும் நேராக யூஎஸ்பியில் சேராது. நடுவில் அடாப்டர் வேண்டும். அதிலுள்ள சிப் தகவலை மாற்றித் தருகிறது. 2011 முதல் அரசு நம் பிள்ளைகளுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினியின் சாட்டா டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டே போதும். பழைய மேசைக் கணினி டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் தேவை. தனி பவர் உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கல்யாணப் படங்கள் அதில் இருக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.