பலூன் விட்டுச் சம்பளம் வாங்கிய காலம்

நான் முப்பத்து நான்கு வருடம் பலூன் விட்டுச் சம்பளம் வாங்கியவன். சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். வானிலைத் துறையில், கடற்கரையோர நிலையம் ஒன்றில் வேலை. கிரீன்விச் நேரம் 0 மணி, 12 மணி என்பது உலகம் முழுவதற்கும் பொதுக் கணக்கு; நமக்கு அது காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. அந்த நேரத்தை ஒட்டி, ஏறக்குறைய ஆள் உயரப் பலூனில் ஹைட்ரஜன் நிரப்பி, அடியில் ரேடியோசோண்ட் கருவியைக் கட்டி மேலே அனுப்புவோம். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாம் அது ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும்.

எந்தக் கம்பெனி பலூன் நல்லது என்று அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். ஆனால் இந்தப் பலூனைத் தரையில் வைத்துப் பார்த்துத் தரம் சொல்லிவிட முடியாது. 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். உள்ளே இருக்கும் வாயு விரிய விரியப் பலூனின் விட்டம் நான்கு மடங்குக்கு மேல் பெருத்துவிடும். அப்போது ரப்பர் தோல், புறப்பட்டபோது இருந்த கனத்தில் இருபதில் ஒரு பங்காகிவிடும். கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய இடம் மேலே போய்க் கிழியும்.

ரப்பர் பலூனை முதலில் செய்தவர் மைக்கேல் ஃபாரடே. 1824-இல் லண்டனில், ஹைட்ரஜன் சோதனைக்காக, இரண்டு ரப்பர்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தை அழுத்தி ஒட்டினார். உட்புறம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினாராம். நாங்கள் பெட்டியைத் திறந்தால் கையெல்லாம் வெள்ளையாகும், அது டால்கம் பவுடர். பொருள் மாறியது, வேலை ஒன்றுதான்.

வானிலைக்கு ரப்பரைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஆஸ்மன், 1901-இல். அதற்கு முன் காகிதப் பலூன்தான் அதிகம். அது மேலே போகப் போக வேகம் குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். தெர்மாமீட்டர் வெயிலில் காய்ந்து தப்புக் கணக்குக் காட்டும். வாயைக் கட்டிய ரப்பர் பலூனோ விரிந்துகொண்டே, வேகம் குறையாமல் ஏறி வெடிக்கும். வெடிப்பதே அதற்குப் பெருமை. பிரான்சின் டெசரான் த போர் காகிதப் பலூன்களை நூற்றுக்கணக்கில் விட்டவர். அவரும் ஆஸ்மனும் 1902-இல் தனித்தனியாக அறிவித்ததுதான் இன்று நாம் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் என்று சொல்லும் அடுக்கு.

பிறகு போர் வந்தது. 1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போக, அமெரிக்காவுக்கு ரப்பர்ப்பால் வரத்து நின்றது. டூபாண்ட் கம்பெனி 1930-களிலேயே சந்தைக்குக் கொண்டுவந்திருந்த நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் கைகொடுத்தது. ஓசோனையும் எண்ணெயையும் அது நன்றாகத் தாங்கும். குளிரில் மட்டும் சீக்கிரம் விறைக்கும். (1947-இல் ராஸ்வெல் பக்கம் விழுந்ததைப் பறக்கும் தட்டு என்று ஊரே பேசியதே, அது நியோப்ரீன் பலூன் கொத்து என்று அமெரிக்க விமானப்படை 1994-இல் விளக்கம் சொன்னது.)

குளிர் என்றதும் இமயமலையை நினைக்காதீர்கள். நம் தலைக்கு மேல் பதினாறு, பதினேழு கிலோமீட்டரில் சுமார் மைனஸ் 80 டிகிரி. அந்த உயரத்தில் துருவத்தை விட நம் ஊர்தான் அதிகக் குளிர்! பகலில் வெயில் ரப்பரைக் கொஞ்சம் சூடாக்கும். இருட்டில் அதுவும் இல்லை. வெப்ப நாடுகளில் இரவுப் பலூனை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ முக்கி, வடியவிட்டு அனுப்பும் பழக்கம் இதனால்தான் வந்தது.

ஜப்பானின் டோடெக்ஸ், அமெரிக்காவின் கேசாம், நம் புனேயின் பவன், சீனாவின் ஹ்வோயி என்று பெயர்கள் பல. எடையையும் வெடிக்கும் விட்டத்தையும் பட்டியலில் போடுவார்கள். டோடெக்ஸில் 600 கிராம் பலூனுக்கு 6.02 மீட்டர், 1000 கிராமுக்கு 7.86 மீட்டர். பட்டியல் எல்லாம் புதுச் சரக்குக்குத்தான் என்பதை நான் ஒரு நவம்பர் மாதம் கற்றுக்கொண்டேன்.

வங்கக் கடலில் புயல். எங்கள் நிலையக் கணக்குக்காக மேலிடத்தில் காத்திருக்கிறார்கள். மாலைப் பலூன் ஐந்து கிலோமீட்டர் தாண்டவில்லை, வெடித்துவிட்டது. அவ்வளவு தாழ்வில் வெடித்தால் மறுபடி விட்டே ஆகவேண்டும். அதே பெட்டியிலிருந்து அடுத்தது, அதுவும் அப்படியே. இரண்டு கருவிகள் கடலில். அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே மூன்றாவதை எடுக்கப் போனேன். எங்கள் சீனியர், திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. மழையில் நனைந்துகொண்டே ஷெட்டுக்குள் வந்தார்.

"பேரப் பாத்து எடுக்கியே, தேதியப் பாத்தியாடே?" என்றார்.

பார்த்தேன். பெட்டி வந்து மூன்று கோடை கடந்திருந்தது, தகரக் கூரைக்கு அடியில். அண்ணாச்சி வேறொரு பெட்டியை இழுத்தார். நாங்கள் மட்டம் என்று ஒதுக்கிவைத்த கம்பெனி. ஆனால் அந்த வருடச் சரக்கு. அது போனது, போனது, இருபத்தைந்துக்கு மேல் போனது. அன்று இரவு பத்து மணிக்குத்தான் டீ குடித்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் ஒரு நோட்டில் எழுதினேன்: கம்பெனி, தயாரித்த மாதம், பகலா இரவா, வெடித்த உயரம். ஒரே வயதுச் சரக்கில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருந்தது உண்மை. இரவில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மட்டமான கம்பெனியின் புதுப் பலூன், உசத்தியான கம்பெனியின் பழைய பலூனைத் தோற்கடித்த நாட்களே அதிகம். அண்ணாச்சி பெட்டிகளைக் கூரை ஓரத்திலிருந்து ஆபீஸ் அறைக்கு மாற்றவைத்தார். சாக்பீஸில் பெரிய எழுத்தில் தேதி போடவும் வைத்தார்.

அந்த நோட்டிலிருந்து எண்களை இங்கே தந்திருப்பேன். 2015 வெள்ளத்தில் கீழ்வீட்டு அலமாரியோடு அது போய்விட்டது. தப்பியது, மேலே பரணில் நினைவுக்காக வைத்திருந்த ஒரே ஒரு பலூன். போன மாதம் எடுத்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். முறுக்கு மாதிரி உடைந்தது.