உடற்பகுதிச் சொற்கள்: கீழ்வேளூர் வட்டாரப் பேச்சும் உடற்கூறியலும்

உடலில் ஓர் இடத்தைச் சுட்ட இரு வகைச் சொற்கள் வேண்டும். ஒன்று பகுதியின் பெயர்: பிடரி, விலா, கெண்டைக்கால் போன்றவை. மற்றொன்று திசைச் சொல்: மேலே, முன்பக்கம், நடுக்கோட்டிலிருந்து விலகி என்பது போன்றவை. உடற்கூறியல் இவ்விரண்டையும் முறைப்படுத்தி வைத்திருக்கிறது. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில், நெல்வயல்கள் சூழ்ந்திருக்கும் கீழ்வேளூர்ப் பகுதியில் முதல் வகைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாம் வகைதான் பேச்சில் குறைவு. மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போது ஏற்படும் குழப்பங்களில் பெரும்பங்கு அதனால் வருவதே.

அடிப்படை நிலை

திசைச் சொற்கள் எல்லாம் ஒரே நிலையை வைத்துப் பேசுகின்றன. ஆள் நிமிர்ந்து நிற்கிறார். முகம் நேரே பார்க்கிறது. கைகள் உடலை ஒட்டித் தொங்குகின்றன. உள்ளங்கைகள் முன்னோக்கி இருக்கின்றன. அவர் படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் சொற்கள் மாறுவதில்லை. தலைப்பக்கம் எப்போதும் மேல்தான். வலது, இடது என்பவை நோயாளியின் வலமும் இடமுமே, எதிரில் நின்று பார்ப்பவருடையவை அல்ல.

உடலை நிலையான கோடுகளால் அளக்கும் இந்த வழக்கம் காவிரிக் கரைக்குப் புதிதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் படிமத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்தே உறுப்புகளின் அளவைப் பிரிக்கிறார்கள். சிற்ப நூல்களில் முகத்தின் நீளம் ஒரு தாலம். உத்தம தசதாலம் என்ற அளவில் முழு உருவம் 124 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலில் உள்ளது அன்று, உருவத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் பங்கு. உச்சி முதல் பாதம் வரை உருவத்தின் நடுவே இறங்கும் பிரம்மசூத்திரமும், உடற்கூறியலார் உடலை வலம் இடமாகப் பிரிக்கும் நடுக்கோடும் செய்யும் வேலை ஒன்றே. வளைவின்றி நிமிர்ந்து நிற்கும் சமபங்க நிலையை உடற்கூறியலின் நிலைக்கு மிக நெருக்கமானதாகச் சொல்லலாம். சிற்பி அழகுக்காக வகுத்ததும் மருத்துவர் சிகிச்சைக்காக வகுத்ததும் இவ்வளவு ஒத்துப்போவது வியக்கத்தக்கது.

திசைச் சொற்கள்

மேல், கீழ், முன், பின் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. நடுக்கோட்டுக்கு நெருங்கியது உட்பக்கம், விலகியது வெளிப்பக்கம். கட்டைவிரல் கையின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. காலின் பெருவிரலோ பாதத்தின் உட்பக்கத்தில் இருக்கிறது. தோலை ஒட்டியது மேலோட்டமானது, உள்ளே இருப்பது ஆழமானது.

கை கால்களுக்கு மட்டும் தனியே ஓர் இணை உண்டு: அண்மை, சேய்மை. உறுப்பு உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்டத்தில் இருப்பது அண்மை, எட்டத்தில் இருப்பது சேய்மை. மணிக்கட்டுக்கு முழங்கை அண்மை, விரல் சேய்மை. வயல்நாட்டில் உயிரையே காக்கக்கூடிய இணை இது. வரப்பில் நடப்பவரைக் கண்ணாடிவிரியன் பாதத்தில் கடித்தால், வீக்கம் கணுக்காலைத் தாண்டி முழங்காலை நோக்கி ஏறலாம். அப்படி ஏறுகிறதா, எவ்வளவு நேரத்தில் எதுவரை ஏறியது என்பதை மருத்துவர் கேட்பார். ‘கால் வீங்கியிருக்கு’ என்பதைவிட ‘மொதல்ல பாதம், இப்ப முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வந்துடுச்சு’ என்பது பலமடங்கு பயனுள்ள செய்தி. நடவுக்காலத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தவருக்குத் தொடை இடுக்கில் நெறிகட்டுவதும் இதே வழிதான். கிருமி சேய்மையிலிருந்து நிணநீர்க் குழாய் வழியாக அண்மைக்கு வந்து, அங்குள்ள நிணநீர்க் கணுவை வீங்கச் செய்கிறது. நெறிக்கும் புண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கிராமத்துப் பெரியவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

பகுதிப் பெயர்கள்

நெற்றிப்பொட்டு, பிடரி, தோள்பட்டை, காறை எலும்பு, அக்குள், நெஞ்சுக்குழி, விலா, அள்ளை, தொப்புள், அடிவயிறு, மணிக்கட்டு, புறங்கை, கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால் என்று தமிழில் இருக்கும் பெயர்கள் துல்லியமானவை. விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பக்கவாட்டுக்கு ‘அள்ளை’ என்ற ஒரே சொல் போதும். சிறுநீரகக் கல் வலி பெரும்பாலும் அங்கேதான் கிளம்பி, முன்புறமாகத் தொடை இடுக்கை நோக்கி இறங்கும். கெண்டைக்காலும் அப்படியே. எலிக்காய்ச்சல் வயல் தண்ணீரில் நின்று வேலை செய்பவர்களைத் தாக்கக்கூடியது. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலித்தால், அது மருத்துவருக்கு முக்கியமான குறிப்பு.

சில சொற்கள் மட்டும் பெரும்பரப்பை மூடிக்கொண்டிருக்கின்றன. ‘இடுப்பு வலி’ என்றால் நாள் முழுவதும் குனிந்து நட்டவரின் கீழ்முதுகு வலியாக இருக்கலாம், தொடையும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டின் வலியாக இருக்கலாம், பிரசவ வலியாகவும் இருக்கலாம். ‘நெஞ்சு’ மார்புக்கூடு முழுவதையும் குறிக்கும், இரைப்பைப் புளிப்பால் எரியும் இடத்தையும் குறிக்கும். இந்த ஒரு சொல்லில் மாரடைப்பு மறைந்துபோக இடமுண்டு. அதனால் நெஞ்சு வலி என்பவரிடம் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று கேட்டாக வேண்டும். ‘கை’ தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும், ‘கால்’ தொடையிலிருந்து பாதம் வரைக்கும் பேச்சில் நீள்கின்றன. உடற்கூறியலோ மேற்கை, முன்கை, கை என்றும், தொடை, கால், பாதம் என்றும் பிரிக்கிறது. அதன்படி கால் என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்டது மட்டுமே.

வயிற்றை மருத்துவர்கள் இரண்டு நெடுக்குக் கோடுகளாலும் இரண்டு குறுக்குக் கோடுகளாலும் ஒன்பது கட்டங்களாகப் பிரிப்பார்கள். அவசரத்துக்குத் தொப்புளில் குறுக்கிடும் இரு கோடுகளும் நான்கு கட்டங்களும் போதும். குடல்வால் அழற்சியின் வலி பலருக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழ்க்கட்டத்தில் நிலைகொள்ளும். எங்கே தொடங்கி எங்கே போனது என்று சொல்லத் தெரிந்த நோயாளி பாதி நோயறிதலைத் தாமே செய்துவிடுகிறார்.

ஸ்கேன் படங்களைப் படிக்க மூன்று வெட்டுத் தளங்களை அறிந்தால் போதும்: வலம் இடமாகப் பிரிக்கும் நெடுக்குத் தளம், முன் பின்னாகப் பிரிக்கும் முன்முகத் தளம், மேல் கீழாகப் பிரிக்கும் குறுக்குத் தளம்.

சொற்கள் முறைப்பட்ட வரலாறு

ஐரோப்பாவிலேயே இச்சொற்கள் நெடுங்காலம் குழம்பிக் கிடந்தன. ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் இருந்ததால் ஏறத்தாழ 50,000 பெயர்கள் வழங்கின. 1895-இல் பாசல் நகரில் ஏற்கப்பட்ட பட்டியல் அவற்றை 5,000 அளவுக்குக் குறைத்தது. பிந்தைய பன்னாட்டுப் பட்டியல் ஒன்று 1998-இல் வெளியானது.

தமிழில் இந்த வேலை 1895-க்கும் முன்னரே யாழ்ப்பாணத்தில் தொடங்கிவிட்டது. 1822-இல் அமெரிக்காவில் பிறந்து 1847-இல் இலங்கை வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் வெளிவந்தது. கலைச்சொல்லைத் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில், அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தை ஒலிபெயர்ப்பது என்பது அவர் கடைப்பிடித்த வரிசை. அவருடைய மாணவர்கள் தமிழில் படித்தே அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களானார்கள் என்பது தமிழர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. அங்கே உடற்கூறியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. வெளிநோயாளிகள் வரிசையில் நிற்பவர்கள் அள்ளை, நெறி, நெஞ்சுக்குழி என்றுதான் பேசுகிறார்கள். முதலாண்டு மாணவருக்கு ஆங்கிலப் பெயரோடு இந்த வட்டாரச் சொல்லையும் சேர்த்துக் கற்பிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.