கோடும் குலமும்

"எங்கள் பையனுக்குச் சித்திரம் வராது, அதற்குப் பிறவியிலேயே கை வாய்த்திருக்க வேண்டும்" என்கின்றனர் பெற்றோர். "ஆம், அது ஆண்டவன் கொடுப்பது" என்று கற்றவரும் தலையசைக்கின்றனர். கணக்கு வரவில்லையென்றால் ஆசிரியரைத் தேடுகிறவர்கள், ஓவியம் வரவில்லையென்றால் மட்டும் ஆண்டவனைத் தேடுவது ஏன்? நாம் கேட்கிறோம்.

நம் நாட்டில் உளியும் தூரிகையும் பன்னெடுங்காலம் தந்தை கையிலிருந்து மகன் கைக்கே சென்றன. பட்டறையில் சிறுவயது முதல் பழகியவன் மகனுக்குக் கலை வந்தது. பட்டறை வாயிலையே மிதிக்காதவன் மகனுக்கு வரவில்லை. இதில் பிரம்மனுக்கு என்ன வேலை? பயிற்சியால் வந்த திறமைக்குப் பிறப்பால் வந்தது என்று பெயர் சூட்டினார்கள். சூழ்ச்சி அந்தப் பெயரில்தான் இருந்தது.

வரலாறு சொல்வது வேறு. இத்தாலியின் பிளாரன்சு நகரில் ஆல்பர்ட்டி 1435-இல் ஓவியம் பற்றி ஒரு நூல் எழுதினார். தொலைவில் உள்ளது சிறியதாகவும் அருகில் உள்ளது பெரியதாகவும் தோன்றுவதை எவ்வாறு தாளில் காட்டுவது என்பதற்கு அதில் கணக்கு வகுத்தார். மந்திரமன்று அது, வடிவக் கணிதம்! செருமனியில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த டியூரர், 1525-இல் கோலையும் கவராயத்தையும் கொண்டு அளந்து வரையும் முறையை நூலாக்கினார். புலவர்களின் இலத்தீனில் எழுதவில்லை. தொழிலாளரும் படிக்கும் தம் தாய்மொழியில் எழுதினார். பூட்டிக் கிடந்த கதவு அங்கே திறந்தது.

பட்டறையில் திறந்த கதவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர்களுள் சுவிட்சர்லாந்தின் பெசுதலோசி முதன்மையானவர். ஆதரவற்ற பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்ன அந்தப் பெரியார், எழுத்துக்கு அகரவரிசை இருப்பதுபோல் பார்வைக்கும் ஓர் அகரவரிசை உண்டு என்றார். நேர்கோடு, கோணம், சதுரம், வளைவு எனப் படிப்படியாகக் கற்பிக்கும் முறையை 1803-இல் வெளியிட்டார்.

அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலம் 1870-இல் சட்டமே இயற்றியது: பொதுப்பள்ளிகளில் ஓவியம் பாடமாக வேண்டும்! இங்கிலாந்திலிருந்து வால்டர் சுமித் அழைக்கப்பட்டார். எழுதக் கற்கும் எந்தப் பிள்ளையும் வரையக் கற்கும் என்பது அவர் கொள்கை. ஆசிரியரின்றிப் பாடமேது? 1873-இல் ஓவிய ஆசிரியர்களை உருவாக்கவே அங்கு ஒரு கல்லூரி எழுந்தது. ஆலைச் சரக்கு அழகாக வேண்டும் என்ற முதலாளிகளின் விருப்பமும் அச்சட்டத்தின் பின்னால் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலைக்காகத் திறந்த கண் ஆலையோடு மூடிக்கொள்வதில்லை.

சென்னையிலும் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஓவியப் பள்ளி தொடங்கினார். 1852-இல் அரசு அதனை ஏற்றது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்பது அதுவே. அதன் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணத்தை 1959 முதல் மெரீனாக் கடற்கரை காட்டி நிற்கிறது. கருவறைக்குள் தேவரை வைக்கவில்லை அவர். கடல்வெளியில் உழைப்பாளரை வைத்தார்.

இத்தனைக்கும் நடுவே, 1953-இல் ஆச்சாரியார் ஆட்சி என்ன செய்தது? அரைநாள் பள்ளி, மீதிநேரம் அப்பன் தொழில் என்றது! குலக்கல்வி என்று நாடு அதனைக் கண்டித்துக் கொதித்தது. 1954-இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. ஏட்டிலிருந்து திட்டம் அகன்றது. "பிறவிக் கை" என்ற பேச்சு மட்டும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறது.

ஐந்து வயதுக் குழந்தை அஞ்சாமல் வரைகிறது. ஆறாம் வகுப்பை எட்டியதும், கண்டது தாளில் வரவில்லையே என்று நாணிப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. அந்த வேளையில் அதற்கு வேண்டியது வரமன்று, முறை. குடத்தை வரைய நடுக்கோடு இட்டு இருபுறமும் அளக்கட்டும். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடட்டும். தண்டவாளம் தொலைவில் கூடும் புள்ளி கண்மட்டக் கோட்டில் அமைவதைக் காணட்டும். ஒளி எப்புறம், நிழல் எப்புறம் என்று கேட்கட்டும். நீலமும் மஞ்சளும் கூடிப் பச்சையாவதைத் தானே கலந்து அறியட்டும். இவற்றுள் எதற்குக் குலம் வேண்டும்? எதற்குக் கோத்திரம் வேண்டும்?

2009-இன் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளிக்குக் கலைக்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்றது. ஆனால் பகுதிநேரத்துக்கு மட்டும்! தமிழகத்தில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கெனப் பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டபோது தரப்பட்ட தொகை மாதம் 5,000 ரூபாய். அரைவயிற்று ஆசிரியரிடம் முழுப்பாடம் கேட்பது முறையா? பணம் படைத்தவன் பிள்ளை தனிவகுப்பில் ஓவியம் பயில்கிறது. ஏழையின் பிள்ளைக்கு "பிறவியில் இல்லை" என்ற தீர்ப்பே கிடைக்கிறது. குலத்தின் இடத்தில் பணம் வந்து அமர்ந்தால் அது விடுதலையாகுமா?

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியில் ஓவிய வகுப்பு நடக்கிறதா, அந்த மணியையும் கணக்குப் பாடம் விழுங்குகிறதா என்று கேளுங்கள். ஆசிரியர் இல்லையெனில் கேட்டு வாங்குங்கள். மன்றத்தின் திண்ணையில் ஞாயிறுதோறும் பத்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு குடத்தை நடுவில் வையுங்கள். பத்துப் பேரும் வரைவார்கள். எந்தக் குடம் எந்தக் குலத்தான் வரைந்தது என்று எவராலும் சொல்ல இயலாது.