நாலடி விட்டு வை

1984இல் சென்னை ஜார்ஜ் டவுன் செம்புதாஸ் தெருவில் ஓர் இரும்புக் கடையில் ஸ்டாக் எழுதச் சேர்ந்தேன். சரக்கு அடுக்கும் 'ராக்' என்ற சொல்லே அப்போது கடையில் புழங்கவில்லை. ஆங்கிளும் பட்டையும் சுவரில் சாய்ந்து நிற்கும். இருபதடி பைப், சேனல், ஐ பீம் எல்லாம் தரையில் கட்டை போட்டு அதன்மேல் கிடக்கும்.

கட்டையை எங்கே போடுவது என்பதற்கு எங்கள் மேஸ்திரியிடம் ஒரே கணக்குதான்: "ரெண்டு பக்கமும் நாலடி விட்டு வை தம்பி." இருபதடியில் நாலடி, ஐந்தில் ஒரு பங்கு. பிற்பாடு ஒரு பாலிடெக்னிக் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நடுப்பகுதியை வளைக்கிற விசையும் கட்டைக்கு மேலே வளைக்கிற விசையும் ஏறக்குறைய சமமாவது அந்த இடத்தில்தான் என்று. அவர் கைநாட்டு.

ஒருமுறை பீம் இறக்கும்போது, கெட்டியாக இருக்கட்டுமே என்று நடுவில் மூன்றாவதாக ஒரு கட்டையைச் செருகினேன். காலால் எத்தி வெளியே தள்ளினார். "மூணு வெச்சா எதுனா ஒண்ணு ஏமாத்தும்பா!"

இதையே கலிலியோ எழுதியிருக்கிறார் என்றால் மேஸ்திரி சிரித்திருப்பார். 1638இல் லெய்டன் நகரில் அச்சான அவருடைய 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலில் ஒரு பளிங்குத் தூண் வருகிறது. பெரிய தூண், இரு முனையிலும் கட்டை கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் உடைந்துவிடுமோ என்று ஒரு தொழிலாளி அங்கேயும் ஒரு கட்டை வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் சரியென்று பட்டது. சில மாதம் கழித்துப் பார்த்தால், புதுக்கட்டைக்கு நேர்மேலே தூண் பிளந்து கிடந்தது. ஓரத்துக் கட்டை ஒன்று உளுத்து இறங்கிவிட, நடுக்கட்டை மட்டும் அசையாமல் நின்றிருக்கிறது; பாதித் தூண் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. இரண்டே கட்டையாக இருந்திருந்தால் ஒன்று இறங்கியதும் தூணும் கூடவே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

சரக்கு வளையாமலிருக்க இரண்டு கட்டை போதும்; எங்களுக்கு ராக் தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. கட்டுப்பாட்டுக் காலத்தில் இரும்பு கிடைப்பதே பெரிது. வந்த சரக்கு கட்டையில் படுத்து மூச்சுவிடுவதற்குள் போய்விடும். 1992இல் எஃகின் விலைக்கும் விநியோகத்துக்கும் இருந்த கட்டுப்பாடு நீங்கியது. அதன்பிறகு எல்லா அளவும் இருப்பில் வேண்டும் என்றார் முதலாளி. வந்தவர் கேட்கிற சேனல் எப்போதும் அடியில்தான் இருக்கும். அதை எடுக்க மேலே இருக்கும் இரண்டு டன்னைப் புரட்ட வேண்டும். அப்படிப் புரட்டும்போது உருண்ட ஒரு ராடுதான் என் இடதுகால் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோனது.

முதலில் துளைபோட்ட ஆங்கிளில் ஸ்டாண்டு அடித்தோம். லண்டனில் அச்சகம் நடத்திய டிமிட்ரியஸ் கோமினோ 1947இல் டெக்ஸியன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த சங்கதி அது. போல்ட்டு முடுக்கினால் அலமாரி. பெட்டிக்கும் நட்டுக்கும் அருமையானது. இருபதடி நீளத்துக்கு முன்கால்கள் குறுக்கே நிற்கும்; தலைப்பக்கமாக உருவத்தான் முடியும். அதற்கு இன்னொரு இருபதடி காலி இடம் வேண்டும். ஜார்ஜ் டவுனில் அதற்கு எங்கே போவது?

சாத்தங்காட்டு இரும்புச் சந்தைக்குக் கடை மாறியபோதுதான் கேன்டிலீவர் ராக் வாங்கினோம். பின்னால் தூண், முன்னால் நீட்டிய கைகள், அவ்வளவுதான். முன்பக்கம் திறந்திருப்பதால் சரக்கைப் பக்கவாட்டில் அப்படியே வெளியே எடுக்கலாம். விற்க வந்தவர் ஒரு கை 500 கிலோ தாங்கும் என்றார். எந்த இடத்தில் வைத்தால் என்று கேட்டேன். கை முழுக்கப் பரவினால் என்றார். அதே பாரத்தைக் கைநுனியில் வைத்தால் அடிமூட்டில் இரண்டு மடங்கு இழுக்குமே என்றதும் குறைந்த கணக்குக்கு இறங்கிவந்தார். கனத்தைக் கீழேயும் லேசானதை மேலேயும் வைப்பதென்று முடிவானது.

கனச் சரக்குக்கு இரண்டு தூணே போதும் என்றேன். முதலாளி கேட்கவில்லை, மூன்று தூண் நட்டார்.

அந்த வருஷ மழை முடிந்து, ஒரு பீமின் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். நடுக்கையில் அழுந்திக் கிடந்தது. கடைசிக் கைக்கும் பீமுக்கும் இடையில் தீப்பெட்டி அட்டை தாராளமாகப் போய்வந்தது. தரை அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. பாரத்தை இறக்கி, தூணடியில் தகடு சொருகி, தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் பார்த்தோம். கணக்கில் 'தகடு, 3' என்று எழுதிவைத்தேன்.